லாக்கப் ஆன பதிவறை

அமிர்தசாமி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பெருமுக்கல் மலைக்குத் தெற்கே கீழ்ச்சித்தேரி என்று ஒரு சிற்றூர். அதன் காலனியில் பிறந்து, மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு, பிறகு கட்டட வேலைக்குப் போய்க் கொத்தனார் ஆனார். படிக்கத் தெரியாதவராக இருந்திருந்தால் தமக்கு இத்தனை வருடம் இந்த வேதனை இருந்திருக்காது என்று வயதான பிறகு அவரே சொல்வார். சொல்லிவிட்டு, அதுவும் ஒரு சாக்குத்தான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொள்வார்.

1993 கடைசியில் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. அதுவரை எல்லாவற்றுக்கும் கடலூருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அது பெரிய சங்கதி. புது மாவட்டம் என்றால் புது அலுவலகங்கள் வேண்டும். புதுக் கட்டடம் எழும்புகிற வரைக்கும் பழைய கட்டடங்களைத் தட்டிக்கொட்டித்தான் ஓட்ட வேண்டும். கொத்தனார்களுக்கும் பெயிண்டர்களுக்கும் ஓய்வில்லாத வேலை. அப்படித்தான் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு பழைய ரெவின்யூ அலுவலகம் போலீஸ் ஸ்டேஷனாக மாறியது. அந்த வேலையை எடுத்த காண்ட்ராக்டர் மாரியப்பன், அமிர்தசாமியைத் தலைக் கொத்தனாராக வைத்துக்கொண்டார்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அது. இரண்டடி கனத்தில் சுவர், மேலே ஓடு, முன்பக்கம் நீள வராந்தா. ஓடுகளை இறக்கி உடைந்ததை மாற்றினார்கள். தாசில்தார் உட்கார்ந்திருந்த அறை இன்ஸ்பெக்டருக்கு. மனு வாங்குகிற கவுண்டரை இடித்து ரைட்டர் மேசைக்கு இடம் செய்தார்கள். வயர்லெஸ் கம்பத்துக்குக் கொல்லையில் அடிமானம் தோண்டினார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், சின்ன ஜன்னல் ஒன்றே ஒன்று வைத்து, ஓர் இருட்டறை இருந்தது. பழைய பதிவேடுகள் வைக்கிற அறை. சுவர் கனமாக இருந்ததால் அதுதான் லாக்கப் என்று பிளானில் போட்டிருந்தது. ஜன்னலைப் பாதி உயரத்துக்கு அடைத்து, கதவை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி கேட் மாட்ட வேண்டும்.

அறையில் காகிதக் கட்டுகள் கூரை வரைக்கும் இருந்தன. அலுவலகம் வேறு இடத்துக்குப் போனபோது ஒரு லாரி வந்து பாதியை ஏற்றிக்கொண்டு போனது. மீதிக்கு வருகிறோம் என்றார்கள். வரவில்லை. மாரியப்பன் இரண்டு தடவை போய்க் கேட்டார். அந்தக் கட்டு எங்கள் பொறுப்பில் இல்லை என்று ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். இதற்குள் மாசி மாதம் திறப்பு விழா என்று தேதி குறித்துவிட்டார்கள். பெரிய அதிகாரி வருகிறார் என்று ரோட்டோரம் சுண்ணாம்புக் கோடு போட ஆரம்பித்தாயிற்று.

"அமிர்தம், கொல்லையில சுண்ணாம்புக் குழி இருக்குது பாரு. அதுல போட்டு எரிச்சிடு. கரையான் புடிச்ச காகிதம், எவனும் கேக்க மாட்டான்" என்றார் மாரியப்பன்.

பகலில்தான் எரித்தார்கள். பொன்னி என்ற சித்தாளும் இன்னொருத்தியும் கூடையில் வாரிக்கொண்டு வந்து குழியோரம் கொட்ட, அமிர்தசாமி கம்பியால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். முதல் நாள் எதையும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், மேலும் கீழும் பலகை வைத்துச் சிவப்புத் துணியில் கட்டிய ஒரு கட்டு வந்தது. மற்றதைப் போல உளுத்துப் போகாமல் கெட்டியாக இருந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் பழுப்பு மையில் 'கீழ்ச்சித்தேரி' என்று எழுதியிருந்தது.

தம் ஊர்ப் பெயரைச் சர்க்கார் எழுத்தில் அவர் அதற்கு முன் பஸ் பலகையில் மட்டும்தான் பார்த்திருந்தார். உட்கார்ந்து கட்டை அவிழ்த்தார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். நடுவில் ஒரு பக்கத்தில் பெயர்கள் வரிசையாக இருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தார். முதல் பெயர் பெரியான். யாரென்று தெரியவில்லை. அடுத்தது மாயவன். அடுத்த வீட்டு வெள்ளையம்மாளின் மாமனார் பெயர் அது. அவரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். மூன்றாவது அந்தோணி. அது அவருடைய தாத்தாவின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண்கள் இருந்தன. அவை என்ன என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் காலனிக்காரர்களின் பெயரைச் சர்க்கார் சும்மா எழுதி வைக்காது என்பது மட்டும் விளங்கியது.

"இன்னா அமிர்தம், பொஸ்தகம் படிச்சிக்கினு உக்காந்துட்ட?" மாரியப்பன் பின்னால் வந்து நின்றார். "பொதங்கெழம பெயிண்டர் வர்றான். ஜல்தியா முடி."

"இது எங்க ஊரு கட்டுங்க சார். எங்க தாத்தா பேரெல்லாம் இருக்குது."

"இருந்தா? ஊட்டுக்கு எடுத்துக்கினு போவப் போறியா? சர்க்கார் காகிதம். உன் ஊட்ல இருந்துச்சின்னா, நீ கட்டுற இதே லாக்கப்புல உன்னத்தான் மொதல்ல வப்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அமிர்தசாமியும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் பின்னாளில் அவருக்கு நினைத்து நினைத்துக் கூசியது. இந்த வேலை முடிந்ததும் போலீஸ் குவாட்டர்ஸ் வேலை வருகிறது, அதில் உன்னை மேஸ்திரி ஆக்குகிறேன் என்று மாரியப்பன் முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். அமிர்தசாமி கட்டைத் திரும்பக் கட்டினார். அவ்வளவு ஒழுங்காகக் கட்டி என்ன செய்யப் போகிறோம் என்றுகூட யோசிக்காமல் முடிச்சுப் போட்டார். குழியில் போட்டார். பலகை இருந்ததால் பிடிக்க நேரமாயிற்று. கம்பியால் நடுவில் குத்திப் பிரித்து விட்டார். அதற்கப்புறம் எரிந்துவிட்டது.

விழா நன்றாக நடந்தது. சிவப்பும் நீலமுமாகப் பலகை மாட்டினார்கள். லாக்கப் சுவரின் பூச்சைத் தடவிப் பார்த்து, "நைசா இருக்குதே, யார் வேல?" என்று வந்திருந்த அதிகாரி கேட்டார். மாரியப்பன் அமிர்தசாமியை முன்னால் தள்ளி நிறுத்தினார்.

சொன்னபடி அவர் மேஸ்திரி ஆனார். குவாட்டர்ஸ், அப்புறம் ஒரு பள்ளிக்கூடம், அப்புறம் விழுப்புரத்தில் ஒரு திருமண மண்டபம் என்று வேலை தொடர்ந்தது. திண்டிவனத்தில் ஒரு வீடு பார்த்துக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவி ரோஸ்லின் களை வெட்டப் போவதை விட்டாள். ஒரே மகள் வெனிலா கான்வென்டில் படித்தாள். அந்தக் கட்டை அவர் கிட்டத்தட்ட மறந்தே போனார். காகிதம்தானே என்று இருந்துவிட்டார்.

2006இல் அது திரும்பி வந்தது. நாற்கர சாலை வந்து, கீழ்ச்சித்தேரியின் மேட்டு நிலத்தை யாரோ வளைத்துக் கம்பி வேலி போட்டபோது, வெளியூரிலிருந்து வந்த ஒரு சங்கத்தார் காலனியில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள்: வெள்ளைக்காரன் காலத்தில், நிலமில்லாத ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்கென்று, வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலம் பல ஊர்களில் உண்டு. உங்கள் ஊரிலும் இருந்திருக்கலாம். யாருக்கெல்லாம் கொடுத்தார்கள் என்ற பதிவேட்டைக் கேட்டு மனு போடுங்கள்.

மனு போட முதலில் கிளம்பியது வெள்ளையம்மாள். அறுபதைத் தாண்டிய விதவை. அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் நம்பி வந்தது அமிர்தசாமியின் வீட்டுக்கு. ஒரு பை வேர்க்கடலையோடு வந்து ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டு, வெனிலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா எழுதும்மா. எங்க மாமனாரு சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு, மேட்டுக்காடு நம்மளுது, வெள்ளக்காரன் எழுதிக் குடுத்தான்னு. கெழவனுக்குப் புத்தி பெரண்டுபோச்சின்னு எல்லாம் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். கஞ்சி ஊத்தும்போது, உன் மேட்டுக்காட்டு நெல்லுன்னு சொல்லி ஊத்துவேன்."

உள்ளறையில் படுத்திருந்த அமிர்தசாமி எழுந்து உட்கார்ந்தார். பெயர்களும் அவற்றுக்கு எதிரே இருந்த எண்களும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அவை நிலத்தின் சர்வே எண்கள் என்று அப்போதுதான் விளங்கியது. வெளியே மகள் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள்: "மேற்படி பதிவேட்டின் நகலை எங்களுக்கு வழங்குமாறு..."

அதற்குப் பிறகு மூன்று வருடம். விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மனு நாள். வெள்ளையம்மாள் மாதத்தில் இரண்டு திங்களாவது போவாள். கீழ்ச்சித்தேரியிலிருந்து முதல் பஸ்ஸில் திண்டிவனம் வருவாள். அமிர்தசாமி தம் வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விழுப்புரம் பஸ் ஏற்றிவிடுவார். டிபன் வாங்கிக் கொடுப்பார். மழையில் அவள் வீட்டுச் சுவர் சரிந்தபோது தாமே ஆள் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

"பெத்த புள்ள செய்ய மாட்டான் இப்பிடி" என்று அவள் காலனி முழுக்கச் சொன்னாள். அது காதில் விழுகிறபோதெல்லாம் அவர் எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் வெனிலா எழுதிப் போட்ட மனுவுக்கும் பதில் வந்தது. கீழ்ச்சித்தேரி கிராமத்துக்கு அப்படி ஒரு பதிவேடு இருந்ததற்கான ஆதாரம் ஏதும் அலுவலகத்தில் இல்லை என்று இரண்டே வரி. வெனிலா படித்துக் காட்டியதும் வெள்ளையம்மாள் அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப கெழவன் பொய்தான் சொன்னாருபோல" என்றாள். வேறு யாரையும் குறை சொல்லவில்லை. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் அமிர்தசாமி ரோஸ்லினிடம் சொன்னார். கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட இதற்காகவே போகாமல் இருந்தவர், அடுப்படியில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"படிச்சியா நீ?"

"இன்னா?"

"நெருப்புல போடறதுக்கு முன்னாடி அதப் படிச்சியான்னு கேக்கறேன்."

"படிச்சேன்."

"படிச்சிட்டுப் போட்டியா?"

அவர் அடுப்பு விறகை உள்ளே தள்ளினார். ரோஸ்லின் அரிசியை உலையில் போட்டாள். "இந்த ஊடு, வெனிலா படிப்பு, எல்லாம் அதுலேர்ந்து வந்ததா?" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "போயி அந்தம்மா கிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?"

மறுநாள் காலை அவர் முதலில் போனது மாரியப்பன் வீட்டுக்கு. அவர் அப்போது தொழிலை விட்டுவிட்டு மயிலத்துப் பக்கம் தோட்டம் வைத்திருந்தார். நீங்களும் வந்து ஊர்க்காரர்களிடம் நடந்ததைச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று அமிர்தசாமி கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"நான் குப்பைய எரின்னுதான் சொன்னேன். எனக்கு அது குப்பதான். உனக்குத்தான் அது உங்க தாத்தா பேரு. படிச்சது நீ, போட்டது நீ. இதுல என்ன எதுக்கு இழுக்கற?"

கோபத்தோடு திரும்பிய அமிர்தசாமிக்குப் பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் கோபம் போய்விட்டது. மாரியப்பன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை.

அங்கிருந்து நேரே கீழ்ச்சித்தேரிக்குப் போனார். வெள்ளையம்மாள் வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். "வா அமிர்தம், உக்காரு" என்றாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். முறம் அவள் மடியில் அப்படியே இருந்தது.

"எங்க மாமனாரு பேரு இருந்துச்சா அதுல?"

"இருந்துச்சிக்கா. ரெண்டாவது பேரு. மாயவன்னு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"அப்ப அவரு பொய் சொல்லல" என்றாள் வெள்ளையம்மாள். சொல்லிவிட்டு அழுதாள். செத்துப் பல வருடமான கிழவனுக்காக, நேற்றுச் செத்ததுபோல அழுதாள். அழுகை அடங்கிய பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு வருசமா என்ன பஸ் ஏத்தி உட்டியே. அங்க ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிக்கினேதான ஏத்தி உட்ட?"

"யக்கா..."

"போயிடு. என் வாசல்ல நிக்காத."

விஷயம் அரை மணி நேரத்தில் காலனி முழுக்கப் பரவியது. பங்காளி முறையான சவுரிராயன் ரோட்டில் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "எங்க வயித்துல நெருப்ப வச்சிட்டு மேஸ்திரியாடா ஆன நீ?" அமிர்தசாமி கையைத் தட்டிவிடவில்லை. மற்றவர்கள்தான் பிரித்து விட்டார்கள்.

ஊர்க்காரர்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தவர் இருதய அருண் என்ற இளம் வக்கீல். திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடியறை அவருக்கு. அமிர்தசாமி அங்கே போய் நடந்ததைச் சொன்னார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னார். பதிவேடு காணவில்லை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இருந்தது, நான் கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், நகல் எங்கே என்று தேடியாக வேண்டும்.

"ஆனா ஒண்ணுண்ணே. நீங்க எரிச்சது சர்க்கார் ரெக்கார்டு. எழுதிக் குடுத்தா ஒங்க மேலயே கேசு வரலாம். நாலு நாள் யோசிச்சி சொல்லுங்க."

"யோசிச்சிக்கினே பதினஞ்சி வருசம் போயிடுச்சி தம்பி. எழுதுங்க."

2010 ஆடி மாதம் விழுப்புரத்தில் விசாரணை. அதிகாரி முன்னால் ஒரு பக்கம் காலனி ஜனங்கள். மறுபக்கம் வேலி போட்டவரின் வக்கீல். ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அமிர்தசாமிக்கு யாரும் இடம் விடவில்லை. ரோஸ்லினும் அவரும் சுவரோரம் நின்றார்கள்.

"கட்டுல இருந்தது உங்க ஊர்ப் பேருன்னு தெரிஞ்சுதான் எரிச்சீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரிஞ்சுதான் சார்."

அந்த அறையில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். இருந்தும், அவர் வாயால் கேட்டபோது பெஞ்சில் ஒரு சலசலப்பு எழுந்தது. எதிர்ப்பக்க வக்கீல் எழுந்தார். "இவரும் அதே ஊர், அதே ஜனம். நிலம் கிடைக்கணும்னு இப்ப ஒரு கதை கட்டுறார்" என்றார்.

"கத கட்டறதா இருந்தா, என்ன நல்லவனா வச்சி ஒரு கத கட்டியிருப்பேன் சார்" என்றார் அமிர்தசாமி. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு, படித்த பெயர்களைச் சொல்லச் சொன்னார். பெரியான், மாயவன், அந்தோணி. எழுத்தரின் விரல்கள் தட்டச்சில் அவற்றைத் தட்டின.

பழைய மாவட்டத்தின் தலைமையிடமான கடலூரில் தேடச் சொல்லி உத்தரவானது. தேடி முடிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. நகல் கிடைத்தது, ஆனால் முழுதாக இல்லை. செல்லரித்துப் போனது போக மிஞ்சிய பக்கங்களில் பதினோரு குடும்பங்களின் பெயரும் எல்லையும் தெளிவாக இருந்தன. பெரியான் இருந்தார், மாயவன் இருந்தார். மொத்தம் இருபத்துநான்கு குடும்பங்கள் என்று முதல் பக்கத்தில் கூட்டுத்தொகை மட்டும் இருந்தது. மீதிப் பதின்மூன்று யார் யார், எந்தத் துண்டு என்று காட்ட எதுவும் இல்லை. அந்தோணியின் பெயர் செல்லரித்த இடத்தோடு போய்விட்டது. சவுரிராயனின் தாத்தா பெயரும் மிஞ்சிய பக்கங்களில் இல்லை.

அமிர்தசாமி மேல் யாரும் வழக்குப் போடவில்லை. எத்தனையோ வருடம் கழித்து எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. ஏதாவது ஒரு தண்டனை கிடைத்து, அதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்திருந்தால் தேவலை என்று ரோஸ்லினிடம் சொன்னார். வெனிலாவின் கல்யாணத்துக்குக் காலனியிலிருந்து நாலு வீட்டார்தான் வந்தார்கள். வெள்ளையம்மாள் வரவில்லை, அழைப்பிதழை வாங்கிக்கொண்டாளாம்.

2013 பங்குனியில் உத்தரவு வந்து, வேலியைப் பிரித்து, பதினோரு குடும்பங்களுக்கும் நிலத்தை அளந்து காட்டினார்கள். ரோஸ்லின் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சர்வேயர் சங்கிலி போட்டதையும், வெள்ளையம்மாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நடந்ததையும் சொன்னாள். கடைசியில், "அவன் எங்கன்னு கேட்டுச்சு" என்றாள்.

மறுநாள் அவர் போனார். வெயில் ஏறிவிட்டிருந்தது. மேட்டுக்காட்டில் வெள்ளையம்மாள் முள்ளை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அரிவாளைக் கீழே வைத்தாள். வா என்று சொல்லவில்லை. வடகிழக்கு மூலையைக் காட்டினாள்.

"அந்தக் கல்லு சாஞ்சிருக்குது பாரு. நேத்து ஜல்தியா நட்டுட்டுப் போயிட்டானுங்க. நட்டுட்டுப் போ."

அவர் ஊருக்குள் போய்க் கடப்பாரையும் தூக்குநூலும் இரவல் வாங்கி வந்தார். எல்லைக் கல்லைச் சுற்றி மண்ணைக் கிளறி, கல்லை நிமிர்த்தி, தூக்குநூல் பிடித்துப் பார்த்து, சுற்றிலும் சில்லுக்கல் போட்டு இடித்தார். அவள் தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"யக்கா, நான்..."

"கேக்காத" என்றாள் வெள்ளையம்மாள். "கேட்டா, சரி உடுன்னு சொல்லணும். அது என் வாயில வரல. அந்தப் பதிமூணு ஊட்டுக்காரனும் தெனம் இந்த வழியாத்தான் போறான், வர்றான். எனக்கே அவனுங்க மூஞ்சியப் பாக்க முடியல. நீ எப்பிடிப் பாப்ப?"

"பாக்க முடியலக்கா."

"இருக்கட்டும். பாக்க முடியாமயே இரு."

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு முள்ளருகே போனாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

"தெக்கால மூலையில இன்னொரு கல்லு இருக்குது. அதையும் பாத்துட்டுப் போ."

அமிர்தசாமி கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு தெற்கு மூலைக்கு நடந்தார்.